இடிக்காத வண்டி

தேனாம்பேட்டை,
நவம்பர் 27, 2022

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

இனாயத் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். உன் மதினி கமர் ஜஹானும் அதையேதான் கேட்கச் சொல்கிறாள். நாள் முழுக்க வீட்டில் உன் பேச்சுதான்.

போன் பண்ணாமல் இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். வக்கீல் பத்ரிநாராயணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் ஆள் வைத்து விசாரிப்பானாம், யார் யாரோடு போனில் பேசினார்கள் என்று எடுத்துப் பார்ப்பானாம். நாம் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள் என்று தெரிந்தால் எல்லாம் கெட்டது. உன் வீட்டுக்காரன் முத்துவும் நானும் போனில் பேசிக்கொண்டதே கிடையாது. தினம் சாயங்காலம் டீக்கடையில் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போன் எதற்கு? அது இப்போது வசதியாகப் போயிற்று என்கிறார் வக்கீல்.

அன்று ஆஸ்பத்திரியில் நீ சுவரைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாய். நாங்கள் சொன்னது காதில் விழுந்ததா என்றே சந்தேகம். அதனால் இன்னொரு தடவை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

முத்துகிருஷ்ணன் தானாகத்தான் விழுந்தான். 'மீன் குழம்பு ஆறிடும், சீக்கிரம் வா' என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். நான் காரில் பின்னால் வந்தேன். மந்தைவெளியில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் மழையில் ரோடெல்லாம் பரவிக் கிடந்தது. அவன் வண்டி சறுக்கித் தலை பிளாட்பாரக் கல்லில் பட்டது. ஹெல்மெட்டை வழக்கம்போல் கைப்பிடியில் மாட்டியிருந்தான், பாவி. என் வண்டி அவன் மேல் படவே இல்லை. பின்சீட்டில் கிடத்தி நான்தான் கொண்டுபோனேன்.

தானாக விழுந்தவனுக்கு எவனும் நஷ்டஈடு தர மாட்டான். தன் வண்டி இன்சூரன்ஸையும் அவன் புதுப்பிக்காமல் விட்டிருந்தான். இன்னொரு வண்டி இடித்திருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். என் கார் அங்கேயே இருந்தது, சீட்டில் அவன் ரத்தமும் இருந்தது. நான் இடித்ததாகக் கேஸை ஏற்றுக்கொண்டேன். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டாயிற்று. முன்பக்கம் அடிபட்ட மாதிரி இருக்க வேண்டும் என்றார்கள், ஹெட்லைட்டை நானே கல்லால் உடைத்தேன். நீ கலங்காதே. கோர்ட்டில் அபராதம் போடுவார்கள், அதோடு சரி என்கிறார் வக்கீல். இப்படிக் கேஸ் ஏற்றுக்கொள்கிற டிரைவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அஸ்வின் சின்ன வயதிலிருந்தே சிவகாசியில் உன் அண்ணன் வீட்டில் இருந்து படிக்கிற பிள்ளை. கைக்குழந்தையில் தூக்கியிருக்கிறேன், என்னை அவனுக்கு ஞாபகம் இருக்காது. இப்போது அவனிடம் உண்மையைச் சொல்லக் கூடாதாம். 'பையனோட கோவம்தாங்க நமக்குப் பெரிய சாட்சி' என்றார் வக்கீல். சரி என்றேன். ஆனால் கேஸ் முடிந்ததும் நீ அவனிடம் சொல்லிவிட வேண்டும். முத்துவின் பிள்ளை என்னைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

என்றும் உன் அண்ணன்,
இனாயத்


மந்தைவெளி,
டிசம்பர் 11, 2022

பாசமுள்ள இனாயத் அண்ணனுக்கு,

புஷ்பம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. முகம் தெரியாதவர்கள் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். தினம் அவரோடு டீ குடித்த உங்களுக்கு ஓர் இலை போட எனக்கு வழியில்லை. தெருமுனையிலாவது வந்து நின்றிருக்கலாம். வக்கீல் வேண்டாம் என்றிருப்பார், தெரியும். இருந்தாலும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் அண்ணன் கருணாகரன் ஊரிலிருந்து வந்து கூடத்தில் நின்று சத்தம் போட்டான். 'அந்த டிரைவர் மட்டும் என் கையில கெடைக்கட்டும்' என்றான். வந்தவர்கள் எல்லாரும் உங்களைச் சபித்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். துக்கம் தாங்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அஸ்வின் அவர் விழுந்த இடத்துக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான்.

கம்பெனி ஆளும் வந்தான். வெயிலில் வந்தவன் என்று மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, 'அந்தக் கார்காரரை முன்னாடியே தெரியுமாம்மா' என்று கேட்டான். தெரியாது என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது பாருங்கள். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

இந்தக் கேஸே வேண்டாம் என்று சில நேரம் தோன்றுகிறது. அப்புறம் வாடகை, அஸ்வின் படிப்பு எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும். வாயை மூடிக்கொள்கிறேன்.

அஸ்வினிடம் நானே சொல்வேன் அண்ணே. அவர் மேல் சத்தியம். கேஸ் முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். மதினியை எனக்கும் சேர்த்து ஆக்கி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


தேனாம்பேட்டை,
ஆகஸ்ட் 20, 2023

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

இனாயத் எழுதுவது. நாங்கள் சுகம். மகள் சிம்ரா காலேஜ் முடித்துவிட்டாள். நீ சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாய், கை ஓயாமல் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. உன் தெருவில் எனக்கும் ஆள் உண்டு.

சைதாப்பேட்டை கோர்ட்டில் என் பங்கு முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன். அபராதம் போட்டு, கோர்ட் கலைகிற வரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கூட நின்றவர்கள் எல்லாம் திருடர்கள், குடித்துவிட்டுத் தகராறு பண்ணியவர்கள். நீ என்ன பண்ணினாய் என்று ஒருவன் கேட்டான். ஆளை இடித்துக் கொன்றேன் என்று சொன்னதும் நகர்ந்து நின்றுகொண்டான். முத்து இதைப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பான். சிரித்துவிட்டு என்னை அடித்திருப்பான்.

வக்கீல் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கால் டாக்சி கம்பெனியும் என் பெயரை எடுத்துவிட்டது. ஆளைக் கொன்ற கேஸ் இருக்கிறவனுக்கு சவாரி கிடையாதாம். நியாயம்தானே, நான் கஸ்டமராக இருந்தால் நானும் அந்த வண்டியில் ஏற மாட்டேன். காரைக் கொடுத்துவிட்டேன். இப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு விசில் ஊதுகிறேன். உன் வீட்டுக்காரன் சேலை விற்ற அதே தெருதான்.

இதையெல்லாம் உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கமர்தான் திட்டினாள். 'மறைக்கிறதுக்குத்தான் ஊரே கீதே, அவகிட்டயுமா மறைக்கணும்?' என்றாள். அதனால் எழுதினேன். வருத்தப்பட்டு உட்காராதே. உன் கேஸ் நல்லபடியாக முடியட்டும்.

உன் அண்ணன்,
இனாயத்


மந்தைவெளி,
பிப்ரவரி 18, 2024

பாசமுள்ள அண்ணனுக்கு,

புஷ்பம் எழுதுவது. கோர்ட்டிலிருந்து வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீங்கள் இப்படி இளைத்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மதினி சோறு போடுகிறாளா இல்லையா? சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. கம்பெனி வக்கீல் உங்களைக் காட்டி, 'இவரை இதுக்கு முன்னாடி எங்கயாவது பார்த்திருக்கீங்களா' என்று கேட்டபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தேன். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்றாம் தடவை குழம்பு கேட்கிற மனுஷனைத் தெரியாது என்று சொன்னேன். நீங்கள் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். அது அழுகையா வேர்வையா அண்ணே?

வக்கீல் பிடித்து வந்த சாட்சிக்காரன் இருக்கிறானே, கார் எப்படிச் சீறிக்கொண்டு வந்தது, அவர் எப்படித் தூக்கி எறியப்பட்டார் என்று கூசாமல் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான் நடந்ததோ என்று இருந்தது. அஸ்வின் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தான். பிடித்த பிடியில் மணிக்கட்டு சிவந்துவிட்டது. வெளியே வந்ததும், 'அந்த ஆளு மூஞ்சிய மறக்கவே மாட்டேம்மா' என்றான்.

எல்லாம் முடிந்ததும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பம்


தேனாம்பேட்டை,
அக்டோபர் 27, 2024

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

இனாயத் எழுதுவது. அது வேர்வைதான். கோர்ட்டில் நீ தெரியாது என்றதில் எனக்கு வருத்தம் இல்லை, நாம் பேசி வைத்ததுதானே.

அஸ்வின் சென்னைக்கே வேலைக்கு வந்துவிட்டான் என்று நீ எனக்கு எழுதவில்லை. நேரிலேயே தெரிந்துகொண்டேன். தீபாவளிக்குத் துணி எடுக்க ஆபீஸ் சிநேகிதர்களோடு தி.நகர் வந்திருந்தான். முத்துவின் நடையே நடக்கிறான் புஷ்பம், அதே மாதிரி ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு. நான் எல்லாவற்றையும் மறந்து அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதுதான் நான் பண்ணிய தப்பு. நேராக வந்து சட்டையைப் பிடித்தான்.

'எங்கப்பாவக் கொன்னுட்டு இங்க நின்னு சிரிச்சிட்டிருக்கியா?'

கூட்டம் கூடிவிட்டது. கடைக் காவலாளி மெஹபூப் பாஷா ஓடிவந்து, 'இன்னா நைனா, பெரியவரு, வுட்டுடு' என்று விலக்கினான். அஸ்வின் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதுவிட்டான். எதிரில் நின்று அவன் அழுகிறான், தோளில் கை வைக்க எனக்கு உரிமையில்லை. கடை முதலாளி காதுக்கும் விஷயம் போய், இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும்.

சிம்ராவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது, திருவல்லிக்கேணிப் பையன். எல்லாம் பேசி முடித்த பிறகு பெண்ணின் தகப்பன் ஆளைக் கொன்றவனாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அப்புறம் வரவில்லை. சிம்ராவுக்கு உண்மை தெரியும். 'நான் போய்ச் சொல்லிடட்டுமாப்பா' என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றேன். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஊருக்குச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். அஸ்வினுக்காவது சொல் புஷ்பம். இதற்கு மேல் தாமதிக்காதே. அன்று அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்து என்னால் முடியவில்லை.

உன் அண்ணன்,
இனாயத்


திருவான்மியூர்,
மார்ச் 9, 2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

புஷ்பம் எழுதுவது. விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேஸ் ஜெயித்துவிட்டது. பணமும் வந்துவிட்டது. அஸ்வின் ஆபீசுக்குப் பக்கமாக இங்கே சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். பால் காய்ச்சிய அன்று அவர் படத்துக்குப் பக்கத்தில் மனசுக்குள் உங்களையும் நிறுத்திக் கும்பிட்டேன்.

நீங்கள் கேட்டதை மறக்கவில்லை. கம்பெனிக்காரன் ஹைகோர்ட்டுக்குப் போனாலும் போவான், கொஞ்ச நாள் பொறுங்கள் என்கிறார் வக்கீல். அஸ்வினும் இப்போதுதான் சிரிக்கிறான், பேசுகிறான். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று சண்டை போடுகிறான். இந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. ஆரம்பித்து ஆரம்பித்து விட்டுவிடுகிறேன்.

சிம்ராவுக்கு வந்த இடம் என்னால்தானே போயிற்று. அவள் கல்யாணத்துக்கு என்னாலானதைச் செய்ய வேண்டும். நீங்கள் மறுக்கக் கூடாது.

உங்கள் தங்கை,
புஷ்பம்


தேனாம்பேட்டை,
ஏப்ரல் 6, 2025

தங்கை புஷ்பத்துக்கு,

பெருநாள் முடிந்தது. நீ புது வீட்டில் நன்றாக இருக்க துவா செய்தோம். சந்தோஷம்.

சிம்ராவுக்கு ஒன்றும் அனுப்பாதே. வாங்கிவிட்டால் நான் காசுக்குச் செய்த மாதிரி ஆகிவிடும். ஊரில் கேஸ் ஏற்கிற மற்ற டிரைவர்களோடு என்னையும் சேர்த்துவிடாதே.

கேஸ் நடக்கும்போது முடியட்டும் என்றாய். முடிந்த பிறகு ஹைகோர்ட் என்கிறாய். நாளைக்கு அவன் கல்யாணம் என்பாய், அப்புறம் பேரப்பிள்ளை பிறக்கட்டும் என்பாய். நான் உன்னிடம் கேட்டது என்ன, வீடா வாசலா? என் சிநேகிதன் பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து ஒரு நாள் நல்லா இருக்கீங்களா என்று கேட்க வேண்டும். எனக்கு அது போதும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

இனாயத்


திருவான்மியூர்,
ஜூலை 13, 2025

பாசமுள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன் அண்ணே. கோயிலுக்குக் கூட்டிப்போய், பிராகாரத்தில் உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்கள் அவரைப் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுபோனது, ஹெட்லைட்டை உடைத்தது, சிம்ராவுக்கு வந்த இடம் போனது, எல்லாவற்றையும். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். 'அவரு கால்ல விழணும்மா, இப்பவே போலாமா' என்றான். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன்.

மறுநாள் ஆபீஸ் போகாமல் உட்கார்ந்திருந்தான். 'அப்ப இந்த வீடு நம்மது இல்லையேம்மா' என்றான். ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன், பணத்தைத் திருப்பிக் கட்டலாம், அந்த மனுஷனுடைய பெயரையும் சுத்தம் பண்ணலாம் என்கிறான். நான் உள்ளே போவேனே என்றேன். வக்கீல் வைத்துப் பார்த்துக்கலாம் என்கிறான். பிடித்தால் பிடித்ததுதான், அவர் பிள்ளை.

எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டேன் அண்ணே. நீ அந்த ஆளை எங்கேயாவது அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போய்விடுவாயோ என்று பயந்து, உன் கோபம் அடங்கக் கதை கட்டினேன் என்றேன். உங்களைத் தெரியவே தெரியாது என்றேன். அவன் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. 'அவரே எழுதித் தரட்டும், நம்பறேன்' என்கிறான். வக்கீல் மூலம் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறேன்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நீங்கள்தான் இடித்தீர்கள் என்று அவனுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். நீங்கள் கேட்டது என்ன, நான் கேட்பது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் ஸ்டேஷனுக்குப் போனால் நீங்களும்தானே மாட்டுவீர்கள், மதினிக்கும் சிம்ராவுக்கும் யார் இருக்கிறார்கள்? என்னை மன்னிக்க வேண்டாம். எழுதி மட்டும் கொடுங்கள்.

பாவி,
புஷ்பம்


தேனாம்பேட்டை,
ஆகஸ்ட் 3, 2025

புஷ்பத்துக்கு,

நீ கேட்டதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் இந்தத் தாளைக் கிழித்துவிட்டு அதை மட்டும் அவனிடம் கொடு.

எழுதவே கூடாது என்று கமர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்ய? நீ ஜெயிலுக்குப் போய், அந்தப் பிள்ளை வெளியே தனியாக நின்றால், முத்துவை நான் எப்படி நினைத்துப் பார்ப்பேன்? என்னைக் காப்பாற்றவும்தான் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

அஸ்வின் ஒரு நாள் முழுக்க என்னை நம்பினான் என்கிறாய். அது எந்தத் தேதி என்று நீ எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கு நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருப்பேன்.

எனக்குக் கோபம் உண்டு புஷ்பம். ஆறுகிற கோபமாகத் தெரியவில்லை. இனி எழுதாதே. எழுதினால் நான் பிரிக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இனாயத்


தேனாம்பேட்டை,
ஆகஸ்ட் 3, 2025

திரு. அஸ்வின் அவர்களுக்கு,

மந்தைவெளியில் உங்கள் அப்பாவின் வண்டி மேல் மோதியது என் கார்தான். மழை பெய்த ரோட்டில் வேகமாக வந்தேன். பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. கோர்ட்டில் நான் ஒப்புக்கொண்டது உண்மை. யாரும் சொல்லிக் கொடுத்து ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் அம்மா என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் கோபத்துக்குப் பயந்து அந்த அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வந்த பணம் உங்களுக்குச் சேர வேண்டியதுதான். நீங்கள் எங்கேயும் போய் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

தி.நகரில் உங்களைப் பார்த்துச் சிரித்தது என் தப்பு. வேறு யாரோ தெரிந்த பையன் என்று நினைத்துவிட்டேன்.

உங்கள் அப்பாவோடு எனக்குப் பழக்கம் கிடையாது. அவர் எப்படிப்பட்டவர் என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இனாயத், டிரைவர்